பதினாலாம் குப்பித் தெள்ளு

போசா சேக்காவில் ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று. தேவாலயக் கூரையில் கட்டியிருக்கிறது. சாவுச் செய்தி, ஞானஸ்நான அழைப்பு, காணாமல்போன பன்றியின் அங்க அடையாளம், எல்லாம் அதில்தான் வரும். அதன் சாவி ஊர்த்தலைவர் ஃப்ளோரெந்தீனின் இடுப்பில் தொங்குகிறது. மனிதருக்கு மைக் முன்னால் நின்றுவிட்டால் தலைகால் புரியாது. எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பது அவருக்குக் கௌரவக் குறைவு. திருத்தித்தான் வாசிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வாசித்தது மலைமேல் இருக்கிற தலைநகர் கீட்டோவிலிருந்து வந்த கடிதம். பல்கலைக்கழகத்து டாக்டர் ஹிமேனா என்பவர் சனிக்கிழமை வருகிறார், வீட்டுக்கு ஒரு துங்கா வேண்டும் என்று எழுதியிருந்தது. மலைக்காரர்களுக்கு நம் கடற்கரைச் சாப்பாட்டின் பெயரைக்கூடச் சரியாக எழுத வராது என்று பரிதாபப்பட்ட ஃப்ளோரெந்தீன், "துங்கா"வைத் "தோங்கா" ஆக்கினார்.

"வீட்டுக்கு ஒரு தோங்கா! சொந்த வீட்டுத் தோங்காவா இருக்கணும். வெளியூர்லேர்ந்து வந்தது வேண்டாம்னு அடிக்கோடு போட்டிருக்காங்க. ஒண்ணோட ஒண்ணு கலக்கப்படாது. மேல வீட்டுப் பேரு எழுதணும். வீட்டுக்கு வீடு என்ன வித்தியாசம், ஊருக்கு ஊரு என்ன வித்தியாசம்னு டாக்டரம்மா ஒப்பிட்டுப் பாக்கப் போறாங்க. சாந்தா ரீத்தாவுக்கும் போறாங்களாம்!"

பக்கத்து ஊரான சாந்தா ரீத்தாவின் பெயர் காதில் விழுந்ததுமே ஊர்ப் பெண்கள் வரிந்துகட்டிக்கொண்டார்கள். தோங்கா என்பது வாட்டிய வாழை இலையில் மஞ்சள் சோறும் நாட்டுக்கோழியும் கடலைக் குழம்பும் வைத்து மடித்துக் கட்டுகிற பொட்டலம். காட்டு வேலைக்கும் பஸ் பயணத்துக்கும் அதுதான் துணை. சாந்தா ரீத்தாக்காரிகள் கடலைக் குழம்பில் தண்ணீர் விட்டு நீட்டுவார்கள் என்பது சாந்தா ரீத்தாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது அது கீட்டோவரை தெரியப்போகிறது என்றால் சும்மாவா?

டிக்னா குஸ்மே தன் செம்பட்டைக் கோழியை வெள்ளிக்கிழமையே பிடித்துக் கூடையால் கவிழ்த்து வைத்தாள். அவள் ஊருக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. சோனேயில் அவள் அக்காளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சமைக்க ஆளில்லாத வீட்டில் இருந்து என்ன செய்ய என்று அவள் கணவன் ஒவிதியோவும் அந்தப் பன்னிரண்டு நாளும் பெதெர்னாலெஸ் பக்கம் ஓர் இறால் பண்ணையில் கூலிக்கு நின்றுவிட்டு வந்திருந்தான்.

"ஏ கிழவி, அந்தக் கோழி முட்டை வைக்கிற கோழியாச்சே" என்றான் ஒவிதியோ.

"வைக்கட்டும். பரிசு வாங்கிட்டு வைக்கட்டும்."

"செத்த கோழி எப்படி வைக்கும்?"

"உன் மூளை வேலை செய்யலியா, அது மாதிரி."

டிக்னா கடைசியாக இவ்வளவு முனைப்பாக அடுப்பை மூட்டியது ஐந்து வருஷத்துக்கு முன்னால், மகள் யஹாய்ராவின் கல்யாணத்துக்கு. இரண்டு பன்றி வெட்டினாள். மாப்பிள்ளை, எதிர்வீட்டுக் கடைக்காரி க்ளோத்தில்தேயின் அக்காள் மகன் உல்பியோ. பாதிரியார் வந்தார், பாட்டுக்காரர்கள் வந்தார்கள், மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். பெண் மட்டும் வரவில்லை. லாரியில் மெத்தை விற்க வந்த ஒருத்தனோடு அந்த மெத்தைகளின் மேலேயே உட்கார்ந்து போய்விட்டாள். ஊரே பெண்ணில்லாத கல்யாணத்தில் பன்றிக்கறி தின்றது. வீணாக்க முடியுமா? நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

அன்றைக்கு டிக்னா முற்றத்தில் நின்று சொன்னாள்: "அவ கால் இந்த வாசலை மிதிக்கிறவரைக்கும் என் கால் அவ இருக்கிற மண்ணை மிதிக்காது." அந்த மண் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் மேல் பன்றிக்கு வைத்திருந்த கழுநீர் வாளி கவிழ்ந்தது. இரண்டு பேர் நனைந்தபின் மூன்றாவது ஆள் வரவில்லை. அதனால் ஊருக்குத் தெரிந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் ஒரு வைராக்கியம்தான். கொஞ்சம் கூடுதலாகக் கழுநீர் வேண்டும், அவ்வளவே.

சனிக்கிழமை காலையில் தேவாலயத்து மேசையில் இருபத்திரண்டு பொட்டலங்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் இலையிலும் கரியால் பெயர். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது அப்பா பெயரில் பாதியும் அம்மா பெயரில் பாதியும் வெட்டி ஒட்டுவது வழக்கம் ஆகையால் சில பெயர்கள் இலையைத் தாண்டிக் கயிறுவரை போயிருந்தன. க்ளோத்தில்தேயும் ரமோனும் பெற்ற க்ளோராமோனா, வாஷிங்டனும் மேரியும் பெற்ற வாஷ்மேரி, இப்படி.

டாக்டர் ஹிமேனா ஒல்லியான பெண். கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் விரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள். மேசையைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மறுபடி மேசையைப் பார்த்தார்.

"இதெல்லாம் என்ன?"

"நீங்க கேட்டதுதான், டாக்டரம்மா" என்றார் ஃப்ளோரெந்தீன் நெஞ்சை நிமிர்த்தி. "ஒண்ணோட ஒண்ணு கலக்கல."

"நான் கேட்டது துங்கா."

"அதேதான்."

"இல்லைங்க. துங்கான்னா தெள்ளு. கால் விரல்ல ஏறி உள்ள உக்காந்துக்குமே, அது. நீங்க நிகுவான்னு சொல்வீங்க இல்லையா?"

தேவாலயம் முழுக்க ஃப்ளோரெந்தீன் பக்கம் திரும்பியது. முதலில் வாயைத் திறந்தது க்ளோத்தில்தே.

"நிகுவாவா? ஏ ஃப்ளோரெந்தீனு, ஒரு நிகுவாவுக்கா என் கோழியை அடிக்க வச்சே?"

"எழுத்து சரியாத் தெரியலம்மா..."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது? என் மாமனார் சாவுக்கு மாமியார் பேரை வாசிச்சவன்தானே நீ! அந்தப் பொம்பள ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா!"

சிரிப்பு அடங்கியதும் இன்னொரு சங்கடம் வந்தது. அத்தனை கால்களும் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டன. நிகுவா பன்றி மேய்கிற மண்ணில் இருக்கும். போசா சேக்காவில் பன்றி எல்லார் வீட்டிலும் உண்டு. நிகுவா மட்டும் எப்போதும் பக்கத்து வீட்டில்தான். "எங்க வீட்டுல கிடையாது, வேணும்னா அங்க கேட்டுப் பாருங்க" என்று இருபத்திரண்டு வீட்டாரும் அவரவர் அண்டை வீட்டைக் கைகாட்டினார்கள்.

டாக்டர் ஹிமேனா புத்திசாலி. வாதாடவில்லை. உட்கார்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதில் கடலைக் குழம்பை இலையோடு வழித்து நக்கியபோது ஊர் இளகிவிட்டது. பெயர் வேண்டாம், குப்பியில் எண் மட்டும் போடலாம் என்றும் சொன்னார். அப்புறம் என்ன?

"டிக்னாவைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

ஊரில் யார் காலில் நிகுவா ஏறினாலும் டிக்னாவிடம்தான் வருவார்கள். அவளிடம் ஓர் எலுமிச்சை முள் இருக்கிறது. அதை நெருப்பில் காட்டி, விரலில் பட்டாணி போல வீங்கியிருக்கிற வெள்ளையில் கரும்புள்ளியைச் சுற்றி மெல்லக் கீறி, முட்டைப்பை உடையாமல் முழுசாக வெளியே உருட்டிவிடுவாள். குழியில் சுண்ணாம்பு. முடிந்தது. டாக்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இப்படி ஒரு கை எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை என்று வியந்தார். டிக்னாவுக்குப் பரிசு கிடைத்த மாதிரிதான்.

எண்ணுக்குப் பின்னால் இருந்த கால்களையெல்லாம் டிக்னா மனப்பாடமாக வைத்துக்கொண்டாள் என்று சொல்லத் தேவையில்லை. மூன்று, ஃப்ளோரெந்தீன் கட்டைவிரல். ஒன்பது, க்ளோத்தில்தேயின் குதிகால், அதுவும் இரண்டு. ஊருக்குச் சொல்ல அல்ல. சும்மா, தெரிந்திருக்கட்டுமே என்று.

பதினாலு அவள் வீட்டுக் குப்பி. அவள் காலில் ஒன்றுமில்லை. ஒவிதியோவைத் தேடினால் ஆள் வீட்டில், காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அடுக்களையில் நின்றான். வெயில் கொளுத்துகிற நாளில் பூட்ஸ்!

"கழட்டு."

"எனக்கு ஒண்ணுமில்ல கிழவி."

"நேத்திலேர்ந்து கோழி மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிற. கழட்டுன்னா."

இடது சுண்டுவிரலில் நகத்தை ஒட்டி நல்ல பெரிய நிகுவா. டிக்னா முள்ளை எடுத்தவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இது ரெண்டு வாரத்துச் சரக்கு. உப்புத்தண்ணியில இடுப்பளவு நின்னவனுக்கு நிகுவா எப்படி ஏறுச்சு?"

"பண்ணைக்காரன் பன்னி வளக்கிறான்" என்றான் ஒவிதியோ, கூரையைப் பார்த்து.

டிக்னாவுக்கு அன்றைக்கு அவசரம். எடுத்துக் குப்பியில் போட்டு, தேவாலயத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அதை மறந்தும் போனாள்.

ஊருக்கு வந்து எதையாவது எண்ணி, அளந்து, எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. இந்த டாக்டர் வந்தார். எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஒரு படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒவிதியோ பன்றிகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டான். டிக்னா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குத்தி எடுத்தவள் அல்லவா?

"தெள்ளுக்குப் பறக்கத் தெரியாது" என்றார் டாக்டர். "மலை உச்சிக்குளிர்லயும் பிழைக்காது. அதனால மலைக்கு இந்தப் பக்கம் கடற்கரைத் தெள்ளு ஒரு குடும்பம். அந்தப் பக்கம், கிழக்குக் காட்டுத் தெள்ளு வேற குடும்பம். ரெண்டும் ரொம்பக் காலமாப் பாத்துக்கிட்டதே இல்லை. உடம்புக்குள்ள மரபணுன்னு ஓர் எழுத்து வரிசை இருக்கு. பிரிஞ்சு இருக்க இருக்க அந்த எழுத்து ஒவ்வொண்ணா மாறிடும். நான் வாசிச்சது அம்மாகிட்டேர்ந்து மட்டும் வர்ற எழுத்து. அப்பாவோடது அதுல கலக்காது."

ஃப்ளோரெந்தீனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து ஊருக்கு விளக்கினார். "அதாவது மக்களே, நமக்கெல்லாம் அப்பா வழி ஒண்ணு, அம்மா வழி ஒண்ணுன்னு ரெண்டு குடும்பப்பேரு. நிகுவாவுக்கு டாக்டரம்மா அம்மா பேரை மட்டும்தான் வாசிச்சிருக்காங்க!"

"நல்லதாப் போச்சு. அப்பன் யாருன்னு தேடற வேலை மிச்சம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அப்ப சாந்தா ரீத்தா நிகுவா?"

"உங்க நிகுவாவுக்கு நெருங்கின சொந்தம்" என்றார் டாக்டர். "அக்கா தங்கை மாதிரி."

ஊர் முகம் சுளித்தது. இத்தனை தூரம் வந்து இதைச் சொல்லவா? நிகுவாவாக இருந்தாலும் ஒரு மானம் இருக்காதா?

"ஒண்ணே ஒண்ணு மட்டும் ஒத்துப்போகலை" என்றார் டாக்டர். "பதினாலாம் நம்பர். குப்பி மாறிடுச்சோன்னு பயந்துட்டேன். மூணு தடவை செஞ்சு பாத்தேன். அது சுத்தமா கிழக்குக் காட்டுத் தெள்ளு. நாப்போ ஆத்தங்கரையில எடுத்ததோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகுது. யாராவது அந்தச் சமயத்துல மலை தாண்டிப் போயிட்டு வந்தீங்களா? இல்லைன்னா என் வேலையிலதான் பிழை இருக்கு, மொத்தத்தையும் மறுபடி செய்யணும். தெள்ளு கால்ல ஒரு மாசத்துக்கு மேல தங்காது."

பதினாலு, ஒவிதியோவின் இடது சுண்டுவிரல்.

கிழக்கு என்றதும் அவளுக்கு நினைவு வந்தது ஒரே ஒரு பெயர்தான்: மருஹா. கல்யாணத்துக்கு முன்னால் ஒவிதியோ கிழக்கே எண்ணெய்க் கம்பெனி முகாமில் குழாய் தூக்கினான். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள் மருஹா. டிக்னா அவளைப் பார்த்ததில்லை. ஆனால் முப்பது வருஷமாக, கணவன் சாப்பிட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும், அவனோடு சேர்ந்து இவளும் அந்தக் கடையைப் பார்ப்பாள். இப்போது பன்னிரண்டு நாள். இவள் அக்காளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பன்னிரண்டு நாள். பண்ணைக்காரன் பன்றி வளர்க்கிறானாமே!

"பதினாலு யாருது?" க்ளோத்தில்தே கழுத்தை நீட்டினாள். "டிக்னா, நீதானே எடுத்தே? நீ எண்ணை மறக்கிற ஆளா? சொல்லு."

எல்லாக் கண்களும் திரும்பின. பொண்ணும் ஓடினாள், இப்போது புருஷனும் என்று நாளைக்கு எந்தெந்த வாய் எப்படி எப்படிப் பேசும் என்று டிக்னாவுக்குத் தெரியும். அந்த வாய்களில் ஒன்று அவளுடையதாகவே பல தடவை இருந்திருக்கிறது. டாக்டர் வேறு, மொத்த வேலையும் வீணாகிவிடுமோ என்று முகம் வாடி நின்றார். டிக்னா எழுந்தாள்.

"பதினாலு என்னோடது."

"உங்க காலா?" என்றார் டாக்டர். "அப்போ நீங்க..."

"போயிருந்தேன். மலை தாண்டித்தான் போயிருந்தேன். உங்க எழுத்துல பிழை இல்லை, டாக்டரம்மா. எழுதிக்குங்க."

உட்கார்ந்தாள். எதற்குப் போனாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பொய் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. க்ளோத்தில்தே! அந்தக் கனத்த உடம்பு பெஞ்சைத் தாண்டி வந்து டிக்னாவைக் கட்டிக்கொண்டது.

"அடி பாதகி! பித்தப்பை பித்தப்பைன்னு சொன்னியே, பெத்த பொண்ணுன்னு சொல்ல வாய் வரலியா உனக்கு?"

டிக்னாவுக்கு மூச்சு முட்டியது. ஒன்றும் புரியவில்லை.

"என்னடி சொல்றே?"

"இன்னும் என்ன மறைப்பு? ஊருக்கே தெரியும் அவ நாப்போவுலதான் இருக்கான்னு. உன்கிட்டதான் யாரும் சொல்ல முடியாது, வாளியைத் தூக்குவே. எங்க உல்பியோதான் போன்ல படத்தைக் காட்டினான். அவனுக்கு என்ன கோவம் இப்ப? அவனே மூணு பிள்ளைக்கு அப்பன், கோட்டுல பொத்தான் போட முடியல." க்ளோத்தில்தே முந்தானை இல்லாத குறைக்கு டிக்னாவின் தோளிலேயே மூக்கைத் துடைத்தாள். "பிரசவத்துக்குப் போய்ட்டு வந்திருக்கே, கல்நெஞ்சுக்காரி, வந்து ஒரு வார்த்தை சொன்னியா? சரி, டிக்னோவிக்குப் பல்லு வந்துடுச்சா?"

டிக்னோவி.

பக்கத்து அறையிலிருந்து யாரோ தன்னைக் கூப்பிட்டுப் பாதியில் நிறுத்திய மாதிரி இருந்தது டிக்னாவுக்கு. அப்புறம்தான் மீதிப் பாதியும் காதில் விழுந்தது. டிக்னா. ஒவிதியோ. வெட்டி, ஒட்டி. இப்படி ஒரு பெயரை இந்த ஊரில் பிறந்தவள் ஒருத்தியைத் தவிர நாப்போ ஆற்றங்கரையில் வேறு யார் வைப்பார்கள்?

மருஹா தன் சாப்பாட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு முப்பது வருஷத்துக்குப் பிறகு டிக்னாவின் மனசைவிட்டுப் போனாள்.

"பல்லு..." என்றாள் டிக்னா. "ரெண்டு."

"கீழயா மேலயா?"

"கீழ."

"யாரு ஜாடை?"

ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "காது ஒவிதியோ காது" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு டிக்னா எழுந்து வெளியே வந்தாள். பின்னால் ஃப்ளோரெந்தீன், தாய்ப்பாசம் என்பது எப்பேர்ப்பட்டதென்றால், என்று தொண்டையைக் கனைத்தது கேட்டது. டாக்டர் ஹிமேனா எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஒவிதியோ முற்றத்தில் பன்றிகளுக்கு வாழைக்காய்த் தோல் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் வரும் வேகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தான்.

"மனுஷா."

"ம்."

"அந்த இறாலு எப்படி இருக்கு?"

"எந்த இறாலு?"

"பெதெர்னாலெஸ்ல பாத்தியே. அதுக்கு டிக்னோவின்னு பேராமே."

ஒவிதியோ வாளியைப் பார்த்தான். அது எட்டாத தூரத்தில் இருந்ததைக் கண்டு கொஞ்சம் தைரியம் வந்தது.

"யாரு சொன்னா?"

"நீ கால்ல கட்டித் தூக்கிட்டு வந்தியே, அது சொல்லுச்சு."

அவன் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். யஹாய்ராவுக்குப் பிள்ளை நிற்காமல் இரண்டு தடவை போனதாம். மூன்றாவது தடவை ஏழு மாதம் தாண்டியதும் பயந்துபோய் க்ளோத்தில்தே கடைப் போனுக்குப் பேசினாளாம். நீ சோனேக்குப் போன அன்றைக்கே பஸ் ஏறினேன் என்றான். மண் தரை வீடு, சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள். வாசலில் மட்டும் பன்றி. அந்த மெத்தைக்காரப் பயல் கெட்டவன் இல்லை, பேச்சுதான் வராது. வலி எடுத்தபோது அவள் என்னைக் கூப்பிடவில்லை, அவனையும் கூப்பிடவில்லை. "உன்னைத்தான் கூப்பிட்டா, கிழவி. ராத்திரி பூரா. நான் வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன், எனக்கு என்ன தெரியும்? அந்த வாசல்ல நின்னப்பதான் ஏறியிருக்கும் அந்தச் சனியன்."

டிக்னா விரல்விட்டு மாதங்களை எண்ணினாள். அது ஒவிதியோவுக்கு வாளியைவிடப் பயமாக இருந்தது.

"எட்டு மாசம்" என்றாள் கடைசியில். "எட்டு மாசம் என் பக்கத்துல படுத்து எந்திரிச்சு வாயைத் திறக்கல நீ."

"நீ சத்தியம் பண்ணியிருந்தே."

"நான் பண்ணினா? என் சத்தியத்தை நீ எதுக்குடா காப்பாத்தறே? உன் வேலையைப் பாக்கிறதுதானே!"

பன்றி ஒன்று வந்து அவன் முழங்காலை முட்டியது.

"காது யாரு காது?" என்றாள் டிக்னா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"உன் காது. அப்படியே மடிஞ்ச காது."

"நாசமாப் போச்சு. உன் காதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"யார்கிட்ட?"

"ஊர்ல எல்லார்கிட்டயும். நான்தான் போயிட்டு வந்தேன்னு சொல்லியிருக்கேன்." தேவாலயத்தில் நடந்ததைச் சொன்னாள். மருஹாவை மட்டும் விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொல்வதற்கு இவன் என்ன பாதிரியாரா? பாதியிலேயே ஒவிதியோவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பார்த்தாள். அந்தப் பாவி சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"அப்ப உன் சத்தியம் போச்சே, கிழவி."

"எப்படிப் போகும்? நான்தான் போகவே இல்லையே?"

"ஊர் நம்பிடுச்சே. கீட்டோ டாக்டர் புத்தகத்துல ஏத்திட்டாளே. பதினாலு உன் காலு. உன் காலு அந்த மண்ணை மிதிச்சாச்சு."

டிக்னா யோசித்தாள். மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் வழியில் பார்க்கிறவர்களெல்லாம் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். முதல் நாள் நன்றாக இருக்கிறாள் என்றாள். இரண்டாம் நாள் தவழ்கிறாள் என்றாள். மூன்றாம் நாள் வாஷ்மேரியின் அம்மாவிடம், என்னைக் கண்டால் கையைத் தூக்கிக்கொண்டு வரும் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பொய் சொல்வதில் போசா சேக்காவில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் அந்தப் பொய்க்கு மட்டும் அவளுக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடுப்பு எரிந்தது. வாழை இலை வாட்டுகிற வாசனை தெருக்கோடிவரை போனது. டிக்னா நான்கு தோங்கா கட்டினாள். மலை ஏறி இறங்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும், இரண்டு பேருக்கு இரண்டு போதும். மற்ற இரண்டும் யாருக்கு என்று ஒவிதியோ கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மனிதனுக்குப் புத்தி வந்திருந்தது. மெத்தைக்காரனுக்குக் கட்டிய பொட்டலத்தில் கோழியின் முதுகுத் துண்டைத்தான் வைத்தாள், தொடை இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மன்னித்துவிட முடியுமா?

பஸ் நிற்கிற புளியமரத்தடிக்கு, வெற்றுக்காலும் வாயுமாக க்ளோத்தில்தே வந்து சேர்ந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்பது வீண்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

"இப்பத்தானே போயிட்டு வந்தே?"

"எட்டு மாசம் ஆச்சுடி."

"கைப்பையில என்ன? கொழந்தைக்கா?"

டிக்னா திறந்து காட்டினாள். ஒரு சின்னச் சட்டை, ஒரு பொட்டலம் சுண்ணாம்பு, துணியில் சுற்றிய எலுமிச்சை முள்.

"முள்ளு எதுக்கு?"

"அங்கயும் கால் இருக்கே. வாசல்ல பன்னி வேற இருக்காம்."

"இருக்காமா?" க்ளோத்தில்தேயின் கண் சுருங்கியது. "நீதான் பாத்தியே?"

பஸ் வந்துவிட்டது. ஒவிதியோ பொட்டலங்களோடு முதலில் ஏறினான். டிக்னா படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"பாத்தேன் க்ளோத்தில்தே. சரியாப் பாக்கல. அதான் போறேன்."